கஸ்டமருக்கு வயசு எழுபத்தி நாலு!

"என்ன கலர் பட்டுடா உடுத்தியிருக்காரு?"

போன சித்திரைத் திருவிழா அன்னிக்கு எங்க அம்மாச்சி கேட்ட கேள்வி இது. மதுரைக்காரங்களுக்கு விளக்கவே தேவையில்லை. மத்தவங்களுக்கு மட்டும் ஒரு வரி... கள்ளழகர் வைகை ஆத்துல இறங்கும்போது எந்தக் கலர் பட்டு உடுத்தி வர்றார் என்பதுதான் எங்க ஊருக்கு அந்த வருஷத்தோட ஜோசியம். பச்சைன்னா நாடு செழிக்கும். ஆத்துல இறங்குன அழகர் அன்னிக்கு ராத்திரி வந்து தங்குறது எங்க வண்டியூர்ல. அதனால எங்க ஏரியா பாட்டிகளுக்கு அவர் சாமி மட்டும் இல்ல... வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வர்ற சொந்தக்காரர்!

அம்மாச்சி டி.வி.க்கு மூணடி தூரத்துல உட்கார்ந்திருந்தாங்க. லைவ் ஓடிட்டிருக்கு. அப்பவும் என்கிட்ட கலர் கேட்டாங்க. அப்புறம் நெனச்சுப் பார்த்தாதான் புரிஞ்சது. "வீடே இருட்டா இருக்கு, பல்பை மாத்துங்கப்பா"ன்னு அவங்க ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருந்தாங்க. நாங்களும் மூணு தடவை பல்பை மாத்தினோம். ஒருத்தர்கூட அவங்க கண்ணைப் பார்க்கலை. ரெண்டு கண்ணுலயும் புரை!

சரி, 'உங்க பாட்டி கதையை எங்களுக்கு எதுக்குப்பா சொல்ற?'ன்னு நீங்க பக்கத்தைத் திருப்பறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். போன செமஸ்டர்ல எங்க கிளாஸ்ல எல்லாரையும் 'ஸ்டார்ட்-அப் ஐடியா' எழுதித் தரச் சொன்னாங்க. 14 டீம். சாப்பாடு டெலிவரி, ஜிம் ஆப், ஹாஸ்டல் துணி துவைக்கிற ஆப், பழைய புக் விக்கிற ஆப்... எல்லா ஐடியாவுக்கும் கஸ்டமர் யாருன்னு பார்த்தா, நாமதான்! இருபது வயசு, பர்ஸ்ல பாதி நாள் பஸ் காசு மட்டும் வச்சிருக்கிற நாம! நம்மகிட்ட ஏது பாஸ் துட்டு?

இப்போ இந்தக் கணக்கைப் பாருங்க. 2011 சென்சஸ்படி இந்தியாவுல 60 வயசுக்கு மேல இருந்தவங்க 10 கோடிக்கு மேல. தமிழ்நாட்டுல மட்டும் ஏறக்குறைய 75 லட்சம். அதாவது அப்பவே பத்துப் பேர்ல ஒருத்தர். கேரளாவுக்கு அடுத்து வயசாகுற விஷயத்துல நம்ம மாநிலம்தான் முன் வரிசையில நிக்குது. காரணம் சிம்பிள். நம்ம தாத்தா காலத்துல வீட்டுக்கு ஆறு, ஏழு பிள்ளைங்க. 2019-21 தேசிய குடும்பநல சர்வேயில் தமிழ்நாட்டு சராசரி 1.8. ஜனத்தொகை அப்படியே நிக்கணும்னாலே 2.1 வேணும். பிறக்கிறது குறையுது, ஆயுசு கூடுது... மிச்சத்தை நீங்களே போட்டுக்கோங்க. ஜப்பான்ல 'ஓஜி ஹோல்டிங்ஸ்' என்கிற பெரிய பேப்பர் கம்பெனி உள்நாட்டுல குழந்தைங்க டயாபர் தயாரிக்கிறதை நிறுத்தப்போறோம், பெரியவங்க டயாபர்ல கவனம் செலுத்தப்போறோம்னு 2024-ல அறிவிச்சுது. நம்ம ஊருக்கு அந்த நிலைமை வர இன்னும் காலம் இருக்கு. ஆனா, பஸ் கிளம்பிடுச்சு!

58 வயசுல ஒரு ஸ்டார்ட்-அப்

'வயசானவங்களை நம்பி பிசினஸா? அதெல்லாம் தர்மகாரியம்ப்பா'ன்னு சொல்றவங்களுக்கு எங்க ஊர்லயே பதில் இருக்கு. வண்டியூர்ல இருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல அண்ணா நகர். அங்கே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. ஆரம்பிச்சது 1976-ல, வெறும் 11 பெட்டோட. ஆரம்பிச்சவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. சுருக்கமா 'டாக்டர் வி'. அப்போ அவருக்கு வயசு 58. அரசு வேலையில இருந்து ரிட்டயர் ஆன கையோட ஆரம்பிச்சார். நாம 22 வயசுலயே 'லேட் ஆயிடுச்சு மச்சி'ன்னு புலம்புற கேஸு!

எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரத்துல 1918-ல பிறந்தவர். மெடிக்கல் முடிச்சிட்டு ராணுவத்துல டாக்டரா இருந்தப்ப மூட்டு வாதம் வந்து, 1948-ல திருப்பி அனுப்பிட்டாங்க. விரல் எல்லாம் கோணிப்போச்சு. பேனா பிடிக்கவே கஷ்டம். அந்த விரலை வச்சிக்கிட்டு கண் ஆபரேஷன் பண்ணப் பழகி, வாழ்நாள்ல ஒரு லட்சத்துக்கும் மேல ஆபரேஷன் பண்ணியிருக்கார். 2006-ல காலமானார். ஆஸ்பத்திரி ஆரம்பிக்கக் காசு பத்தாம குடும்பத்து நகையெல்லாம் அடகுக்குப் போச்சாம். இன்னிக்கு ஏஞ்சல் இன்வெஸ்டர்னு சொல்றோமே... அப்போ அது தங்கச்சி கழுத்துச் செயின்!

அவர் அடிக்கடி உதாரணம் காட்டினது எந்தக் கம்பெனியைத் தெரியுமா? மெக்டொனால்ட்ஸ்! எந்த ஊர்ல போய் வாங்கினாலும் அதே பர்கர், அதே ருசி, அதே வேகம். கண் ஆபரேஷனை ஏன் அப்படிப் பண்ணக் கூடாதுன்னு கேட்டார். புரொடக்‌ஷன் இன்ஜினீயரிங் படிக்கிறவங்க இதைக் கவனிங்க. ஒரு ஆபரேஷன் தியேட்டர்ல பக்கத்துப் பக்கத்துல டேபிள். டாக்டர் ஒருத்தருக்கு முடிக்கும்போதே அடுத்த டேபிள்ல அடுத்தவர் ரெடி. டாக்டர் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் திரும்பினா போதும். டெஸ்ட் எடுக்கிறது, சொட்டு மருந்து விடுறது, கட்டுப் போடுறது எல்லாம் கிராமத்துல இருந்து பிளஸ் டூ முடிச்சிட்டு வந்து ரெண்டு வருஷம் ட்ரெயினிங் எடுத்த பொண்ணுங்க பார்த்துக்குவாங்க. டாக்டர் டாக்டர் வேலையை மட்டும் பார்ப்பார். அதனால ஒரு சர்ஜன் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 ஆபரேஷன் பண்ண முடியுது. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இலவசம், இல்லேன்னா ரொம்பக் கம்மி ரேட். மீதிப் பேர் கட்டுற பணத்துலயே மொத்தச் செலவும் ஓடி, மிச்சமும் பிடிக்குது. 'வருமானச் சான்றிதழ் கொண்டா'ன்னு யாரையும் கேக்கிறதில்லை. எந்தப் பக்கம் போகணும்னு பேஷன்ட்டே முடிவு பண்ணலாம். 1993-லயே ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இதைப் பாடமா எழுதிடுச்சு. அமெரிக்காவுல எம்.பி.ஏ. படிக்கிறவன் எங்க அண்ணா நகரைப் பத்திப் பரீட்சை எழுதுறான். நாம ஷேர் ஆட்டோவுல அதைத் தாண்டிப் போயிட்டிருக்கோம்!

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி லென்ஸ் கதை. அதுக்கு ஒரு ஃபிளாஷ்பேக். ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் பைலட்டுகளோட விமானக் கண்ணாடி உடைஞ்சு சில்லு கண்ணுக்குள்ள போயிடும். ஆனா சில பேருக்குக் கண்ணு புண்ணாகவே இல்லை. காரணம், அது கண்ணாடியே இல்லை. அக்ரிலிக் பிளாஸ்டிக். நம்ம கெமிஸ்ட்ரி புக்ல வர்ற அதே பி.எம்.எம்.ஏ.! இதைக் கவனிச்ச ஹரால்டு ரிட்லி என்கிற லண்டன் டாக்டர், 1949-ல அந்தப் பிளாஸ்டிக்லயே லென்ஸ் செஞ்சு ஒரு பேஷன்ட் கண்ணுக்குள்ள வச்சார். அதுதான் இன்னிக்கு நம்ம தாத்தா பாட்டி 'உள்ளுக்குள்ள லென்ஸ் வச்சிருக்கு'ன்னு சொல்றாங்களே, அதோட கொள்ளுத் தாத்தா.

அதுக்கு முன்னாடி, புரையை எடுத்துட்டா சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. போட்டா எல்லாமே பெரிசாத் தெரியும், படிக்கட்டு எங்கேயோ இருக்கும், கால் எங்கேயோ போகும். 1990 வாக்குல உள்ளே வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுல இருந்துதான் வரணும். விலை 100 டாலர் சுமாருக்கு. கூலி வேலைக்குப் போற பாட்டிக்கு அது கனவுலயும் நடக்காது. 1992-ல 'ஆரோலேப்'னு தனியா ஒண்ணை ஆரம்பிச்சு, மதுரையிலயே லென்ஸ் செய்யத் தொடங்கினாங்க. டேவிட் கிரீன் என்கிற அமெரிக்கர் டெக்னாலஜி கொண்டு வர உதவினார். விலை சுமார் 10 டாலருக்கு இறங்குச்சு. அப்புறம் அதுக்கும் கீழே. இன்னிக்கு 100 நாடுகளுக்கு மேல போகுது. ஃபேக்டரி எங்கேன்னு கேக்கறீங்களா? சிவகங்கை ரோட்டுல வீரபாஞ்சான். எங்க ஏரியாவுல இருந்து சைக்கிள்லயே போயிடலாம்!

இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உண்மையான பாடம் இன்னொண்ணு. ஆபரேஷன் இலவசம்னு சொல்லியும் ஜனங்க வரலை! ஏன்னு போய்க் கேட்டப்போதான் தெரிஞ்சது. இலவசம்னாலும் பஸ் காசு வேணும், சாப்பாடு வேணும், கூட வர்றவருக்கு ஒரு நாள் கூலி போகும். அதனால ஊருக்கே பஸ் அனுப்பி, சாப்பாடும் போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டாங்க. அப்பவும் பத்தலை. 1990-கள்ல நடந்த ஒரு ஆய்வுல, கண்ணுல பிரச்னை இருந்தவங்கள்ல முகாமுக்கு வந்தது வெறும் 7 சதவிகிதம்னு தெரிஞ்சது. 'முகாமுக்கு வா'ன்னு கூப்பிடறதை மட்டும் நம்பாம, ஊருக்குள்ளயே சின்ன கண் பரிசோதனை மையங்களைத் திறந்தாங்க. மையத்துல ட்ரெயினிங் எடுத்த பொண்ணு, வீடியோவுல டாக்டர். கிராமத்துல நெட் கிடைக்காத காலம் அது. கலிஃபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டி ஆளுங்க தேனிப் பக்கம் வந்து, நம்ம வீட்டு ரவுட்டர்ல இருக்கிற அதே வை-ஃபையை சாஃப்ட்வேர் மாத்தி, கிலோமீட்டர் கணக்குல தூக்கி அடிச்சாங்க. இ.சி.இ. மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னா இதுதான்!

எங்க கைக்கடிகாரம் அரிசிப் பானைக்குள்ள போன கதை

இதையெல்லாம் நான் முன்னாடியே படிச்சிருந்தா 2,800 ரூபாய் மிச்சமாகியிருக்கும். ஏன்னா நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு மினி ப்ராஜெக்ட் பண்ணினோம். வயசானவங்க கீழே விழுந்தா தானா போன் அடிக்கிற கைப்பட்டை. உள்ளே சென்ஸார், சிம் கார்டு, சின்ன போர்டு. டெமோவுல சூப்பரா வேலை செஞ்சது. எச்.ஓ.டி. கைகுலுக்கினார். டெஸ்ட்டிங்குக்கு எங்க அம்மாச்சி கையில மாட்டிவிட்டேன்.

முதல் நாள் அம்மியில தேங்காய்ச் சட்னி அரைச்சிருக்காங்க. கைப்பட்டை 'விழுந்துட்டாங்க... விழுந்துட்டாங்க'ன்னு எங்க அம்மாவுக்கு ஏழு தடவை கால் பண்ணிடுச்சு. அம்மா ஆபீஸ்ல இருந்து அழுதுட்டே ஆட்டோ பிடிச்சு வந்தா, இவங்க வாசல்ல உட்கார்ந்து வெத்தலை போட்டுட்டிருக்காங்க. அன்னிக்கு எனக்குக் கிடைச்ச அர்ச்சனை இருக்கே... அதை விடுங்க. சாஃப்ட்வேரைச் சரி பண்ணி மறுபடி மாட்டினேன். ரெண்டு நாள்ல அதைக் காணோம். தேடினா அரிசிப் பானைக்குள்ள கிடக்கு!

"ஏன் அம்மாச்சி?"

"ஜெயில்காரன் மாதிரி இருக்குடா. கோயிலுக்குப் போனா அவளுக அம்புட்டுப் பேரும், 'என்னடி ஒனக்கு, விழுந்து விழுந்து எந்திரிக்கிறியா?'ன்னு கேக்குறாளுக."

அம்புட்டுதான். எங்க நாலு பேர் மூளையையும் ஒரே வரியில ஓரங்கட்டிட்டாங்க.

இதே அடியை நம்மளைவிடப் பெரிய ஆளுங்களும் வாங்கியிருக்காங்க என்பதுதான் ஆறுதல். அமெரிக்காவுல ஹெய்ன்ஸ் கம்பெனி, பல்லு போன பெரியவங்க குழந்தைங்க சாப்பாட்டு டப்பாவை வாங்கிச் சாப்பிடறதைக் கவனிச்சுது. 'அட, இவங்களுக்குன்னே தனியா போடுவோமே'ன்னு 1955-ல சீனியர் சிட்டிசன்களுக்கான டப்பா உணவை இறக்குச்சு. ஊத்திக்கிச்சு! பேபி ஃபுட் வாங்கினா பேரனுக்குன்னு சொல்லிக்கலாம். இதை வாங்கினா கவுன்டர்ல நிக்கிற பையனுக்கு 'எனக்குப் பல்லு இல்லை, வயசாயிடுச்சு'ன்னு தண்டோரா போட்ட மாதிரி!

ஜெயிச்ச கதையும் இருக்கு. சாம் ஃபார்பர்னு ஒருத்தர். மனைவிக்குக் கையில மூட்டுவலி, ஆப்பிள் தோல் சீவ முடியலை. தடிமனா, மெத்துனு ரப்பர் பிடி வச்சு ஒரு சீவுக்கத்தியைச் செய்ய வச்சார். 1990-ல 'ஆக்ஸோ' பிராண்டா வந்தது. டப்பா மேல எங்கேயும் 'முதியோருக்கு'ன்னு இல்லை. நல்லா இருக்கேன்னு எல்லாரும் வாங்கினாங்க. கைவலிக்காரங்க கைவலியைச் சொல்லாமலே வாங்கினாங்க.

நம்ம ஊர் ஆக்ஸோவை எங்க தெருவுலயே பார்த்தேன். ஒரு டெய்லர் அக்கா. வயசான அம்மாக்கள் ரவிக்கைக்குக் கொக்கி வைக்காம டிச் பட்டன் வச்சுத் தைக்கிறாங்க. ஏன்னு கேட்டதுக்கு, "விரல் மடங்காதுப்பா, கொக்கி மாட்ட மருமகளைக் கூப்பிடணும். அதுக்குக் கூச்சப்பட்டே சில பேரு வெளிய வர்றதில்ல"ன்னாங்க. கூலி பத்து ரூபாய் கூட. யாரும் பேரம் பேசறதில்லை. இந்த ரவிக்கை ஐடியா எங்க 14 டீம்ல ஒருத்தருக்கும் தோணலை. தோணாது. நாம அவங்களைக் கேக்கவே இல்லையே!

கேக்கிறதுக்கு எந்த அளவுக்குப் போகலாம்னா, பாட்ரிசியா மூர் அளவுக்கு. நியூயார்க்ல டிசைனர். 26 வயசு. மூட்டுவலிக்காரங்க திறக்கிற மாதிரி ஃபிரிட்ஜ் கதவு செய்யலாமான்னு ஆபீஸ்ல கேட்டப்போ, 'அவங்களுக்கெல்லாம் நாம டிசைன் பண்றதில்லை'ன்னுட்டாங்க. கடுப்பான அந்தப் பொண்ணு 1979-ல எண்பது வயசுப் பாட்டி மாதிரி மேக்கப் போட்டு, கண்ணு மங்கலாத் தெரியற கண்ணாடி மாட்டி, காலை மடக்க முடியாம கட்டிக்கிட்டு வெளியே கிளம்பினார். மூணு வருஷம், 100 ஊர்களுக்கு மேல! பஸ் ஏறினார், கடைக்குப் போனார், கியூவுல ஏமாத்தப்பட்டார். 'இந்தியன்' தாத்தா மேக்கப் எல்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி!

காசு யாரு கொடுக்கிறது?

இங்கதான் நம்மாளுங்க நிறையப் பேர் சறுக்கறாங்க. வயசானவங்களுக்கான சர்வீஸை நெட்ல தேடினா, மாசச் சந்தா ஆயிரக்கணக்குல நிக்குது. நம்ம ஊர்ல அரசு கொடுக்கிற முதியோர் ஓய்வூதியம், 2023-ல உயர்த்தினப்போதான் 1,200 ரூபாய் ஆச்சு. அப்போ அந்தச் சந்தாவைக் கட்டப்போறது துபாய்லயும் நியூஜெர்ஸியிலயும் இருக்கிற பையன்தான். காசு கொடுக்கிறது பையன், பயன்படுத்தறது அப்பா. பையனுக்கு வேண்டியது நிம்மதி. அப்பாவுக்கு வேண்டியது பேச்சுத் துணையா இருக்கலாம், தானா பாத்ரூம் போயிட்டு வர ஒரு சுவர்க் கைப்பிடியா இருக்கலாம். பையனை மட்டும் பார்த்துப் பொருள் செஞ்சா அது அரிசிப் பானைக்குத்தான் போகும். எங்க அம்மாவோட பயத்தைப் பார்த்துத்தானே நாங்க கைப்பட்டை செஞ்சோம்!

இன்னொரு கசப்பும் உண்டு. எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு தாத்தா. டவுன்ல ஒரு கடையில காது மெஷின் 18,000 ரூபாய்க்கு வாங்கினார். போட்டா 'கூய்...'னு விசில் அடிக்குது. சரி பண்ணச் சொல்லி நாலு நடை நடந்தார். "பழகிடும் பெரியவரே"ன்னு அனுப்பிட்டாங்க. இப்போ அது பீரோவுல தூங்குது, அவர் டி.வி.யை ஃபுல் சவுண்டுல வைக்கிறார். திரும்பி வந்து சண்டை போட மாட்டாங்க என்கிற தைரியத்துல இவங்ககிட்ட விக்கிறவன் நிறையப் பேர். பேங்க்ல இருந்து பேசறேன், போலீஸ்ல இருந்து பேசறேன்னு போன்லயே சுருட்டறவன் இவங்களை நம்மளைவிட நல்லாப் படிச்சு வச்சிருக்கான். அவன் பொறுமையா, மெதுவா, 'அம்மா'ன்னு கூப்பிட்டுப் பேசறான். நாம "விடு பாட்டி, உனக்குப் புரியாது"ன்னு போனைப் பிடுங்கறோம்.

நான் வண்டியூர்ல ரெண்டு வாரம் சுத்தி, கண்ணுல பட்ட பெரியவங்களை எல்லாம் 'எதுக்குக் காசு கொடுப்பீங்க?'ன்னு கேட்டேன். ஒருத்தர்கூட ஆப் கேக்கலை. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து டோக்கன் எடுத்து, டாக்டர் சொன்னதை எழுதிட்டு வர ஒரு பிள்ளை வேணும்னாங்க. படி உயரம் குறைஞ்ச ஆட்டோ. வெஸ்டர்ன் டாய்லெட் வச்சுத் தர, சொன்ன தேதிக்கு வர்ற பிளம்பர். மெல்ல முடியுற முறுக்கு (சிரிக்காதீங்க, இதை ஒன்பது பேர் சொன்னாங்க!). மாத்திரையைப் பிரிக்க நகம் ஒடியாத அட்டை. ஒரு ஆட்டோ அண்ணன் ஏற்கெனவே ஆரம்பிச்சிட்டார். தெருவுல ஆறு பாட்டிகளுக்கு ரெகுலர் சவாரி. ஏத்தி இறக்க ஒரு சின்ன மர ஸ்டூலைப் பின்னாடி போட்டு வச்சிருக்கார். மொத்த முதலீடு அந்த ஸ்டூல்!

அம்மாச்சிக்கு ஒரு கண்ணு முடிஞ்சிடுச்சு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரைக்கும் "எனக்கு எதுக்குடா, இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப்போறேன்"னு ஒரே அடம். கட்டைப் பிரிச்ச மறுநாள் காலையில சுவரைப் பார்த்து, "இது எப்ப பச்சை பெயின்ட் அடிச்சீங்க?"ன்னாங்க. அடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. அடுத்த கண்ணு புரட்டாசியிலயாம். தேதியை அவங்களே கேட்டு வச்சிருக்காங்க.

போன ஞாயித்துக்கிழமை நான் இயர்போன் மாட்டிக்கிட்டு படிச்சிட்டிருந்தேன். ரொம்ப நேரம் என் காதையே பார்த்துட்டிருந்தவங்க, "இதுல சத்தம் பெரிசாக் கேக்குமாடா?"ன்னாங்க. கேக்கும். அமெரிக்காவுல 2022-ல இருந்து காது மெஷினை டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில வாங்கலாம். 2024-ல ஆப்பிள் இயர்பட் ஒண்ணையே காது மெஷினாப் பயன்படுத்த அந்த நாட்டு அரசு அனுமதி கொடுத்துச்சு. லென்ஸுக்கு உதவின அதே டேவிட் கிரீனும் பிற்பாடு கம்மி விலைக் காது மெஷின் வேலையில இறங்கினவர்தான். ஒரு பக்கத்தைக் கழட்டி அம்மாச்சி காதுல வச்சேன். கண்ணாடியில பார்த்துக்கிட்டாங்க.

"இது நல்லாருக்குடா. காலேஜ் புள்ளைக மாட்டுறதுதானே... யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக."

எங்க டீம் நாலு பேரும் இந்த சனிக்கிழமை வீட்டுக்கு வர்றாங்க. சால்டரிங் அயர்ன் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். முறுக்கு அம்மாச்சி பொறுப்பு.